உண்டியல் குலுக்கும் முன் உரிமையைக் கேட்போம்



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறோம். அந்தக் கோபத்தில் பாதி எங்கள் மேலேயே என்பதால், பொறுமையாகக் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

போன கிழமையும் நம்முடைய வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வந்தது. வைத்தியசாலைக் கட்டிலில் ஒரு மனிதர், பக்கத்தில் அவருடைய அடையாள அட்டை, கீழே ஒரு வங்கிக் கணக்கு இலக்கம். "அவசர உதவி. பகிருங்கள்." நாமும் பகிர்ந்தோம். இந்த வருடம் இப்படி எத்தனை படம் வந்தது என்று எண்ணுவதையே விட்டுவிட்டோம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தால் பள்ளிவாசல் வாசலில் ஒரு துணி விரிகிறது. கோவில் திருவிழாவில் உண்டியல் வருகிறது. ஞாயிறு பூசை முடிந்து வருபவர்களிடம் ஒரு பற்றுச்சீட்டுப் புத்தகம் நீள்கிறது. பஸ் ஸ்டாண்டில் பிள்ளைகள் டின் குலுக்குகிறார்கள்.

கொடுக்கிறவர்களின் மனதை யாரும் குறை சொல்ல முடியாது. ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கத்தில் கஷ்டப்பட்டவன்தான் கஷ்டப்பட்டவனுக்குக் கொடுக்கிறான். எங்கள் கேள்வி வேறு. அந்தப் படத்தைப் போடுவதற்கு முன், இந்த மனிதருக்குச் சட்டப்படி வர வேண்டிய காசு எங்கே கிடக்கிறது என்று நம்மில் ஒருவராவது கேட்டோமா?

கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அதனால் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறோம்.

எங்களிடம் படித்த ஒரு பிள்ளையின் அப்பா. தோட்டத்தில் 19 வருடம் பெயர் போட்டவர். இருதயத்தில் சத்திர சிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். அரச வைத்தியசாலையில் வரிசை நீளம் என்று பயந்து, குடும்பம் தனியாருக்குப் போனது. ஊரெல்லாம் சேர்த்தோம். போதவில்லை. வீட்டில் இருந்த கொஞ்ச நகையும் அடகுக்குப் போனது. எல்லாம் முடிந்த பிறகு, வேறு வேலையாகத் தொழில் அலுவலகத்துக்குப் போன ஒருவர்தான் கேட்டு வந்தார்: "அவருக்கு ஈ.டி.எப். இருக்கே, அதில் இருதயச் சத்திர சிகிச்சைக்குக் காசு கேட்கலாமே, ஏன் கேட்கவில்லை?" அதற்குப் பிறகு ஓடினோம். அலைச்சல் எட்டு மாதம். கடைசியில் ஒரு தொகை கிடைத்தது. ஆனால் அது வருவதற்குள் நகை மூழ்கிவிட்டது.

இரண்டாவது, எங்கள் வகுப்பிலேயே இருந்த பையன். மழையில் படிக்கட்டில் வழுக்கி விழுந்து கை உடைந்து ஆறு இரவு வோர்ட்டில் இருந்தான். அம்மா ஆறு நாளும் கொழுந்துக்குப் போகவில்லை. ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு கவரில் காசு போட்டுக் கொடுத்தோம். பெருமையாகவும் இருந்தது. மாணவர் காப்புறுதிச் சுற்றறிக்கை எங்கள் அலுமாரியில்தான் இருந்தது. யாரும் எடுத்து வாசிக்கவில்லை. வாசித்தபோது காலக்கெடு போய்விட்டது. அந்த அம்மாவுக்கு இன்றும் தெரியாது. எங்களுக்குத் தெரியும். இந்தப் பதிவு அந்தக் கடனில் ஒரு பகுதி.

"ஆஸ்பத்திரி இலவசம்தானே, வேறு என்ன வேண்டும்?" என்று கேட்பார்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறோம்.

ஆமாம், இலவசம். அது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் 1965 முதல் மெடிகெய்ட் என்று ஏழைகளுக்கான திட்டம் இருக்கிறது. ஆனால் உன் வருமானம் எவ்வளவு, எந்த மாநிலத்தில் இருக்கிறாய் என்று பார்த்துத்தான் உள்ளே எடுப்பார்கள். தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 முதல் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் கப்பலேறிப் போய் நீலகிரியில் கொழுந்து பறிக்கும் நம் சொந்தக்காரர்கள் கையில் இன்று அந்த அட்டை இருக்கிறது. இந்திய மத்திய அரசு 2018இல் தொடங்கிய திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 இலட்சம் வரை. எல்லாவற்றுக்கும் ஓர் அட்டை வேண்டும், பட்டியலில் பெயர் வேண்டும்.

நம் நாட்டில் அரச வைத்தியசாலைக்குள் போக எந்த அட்டையும் வேண்டாம். வோர்ட்டில் தங்க, ஒப்பரேஷன் செய்ய, பிள்ளை பெற, ஊசி போடக் காசு இல்லை. 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும், அதற்கும் காசு இல்லை, தமிழில் பேசலாம். ஆனாலும் இரவில் நெஞ்சுவலி வந்தால் இன்றும் நம் ஆட்கள் முதலில் ஓட்டோக்காரரைத்தான் எழுப்புகிறார்கள். இந்த இலக்கத்தையாவது இன்றைக்கே லயத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.

இலவசம் வைத்தியசாலை கேற்றுக்கு உள்ளேதான். கேற் வரைக்கும் உள்ள பாதை இலவசம் இல்லை. மேல் டிவிஷனிலிருந்து டவுனுக்கு ஓட்டோ. டவுனிலிருந்து கண்டிக்கு பஸ். கூடப் போகிறவருக்கும் பேர் இல்லை. 2024 செப்டெம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று வர்த்தமானி வந்தது. அதற்கு மேல் எவ்வளவு கூடினாலும், இரண்டு பேர் ஒரு நாள் கிளினிக்குக் போனால் இரண்டு நாட்சம்பளம் போச்சு. "இந்த மருந்து இங்கே இல்லை, வெளியே எடுங்க" என்று ஒரு துண்டு. "இந்தச் செக்கப்பை வெளியே செய்து கொண்டு வாங்க" என்று இன்னொரு துண்டு. 2022 நெருக்கடியில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது அந்தத் துண்டுகளோடு பார்மசி வாசலில் நின்றவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். பிரஷர் மருந்தை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிற அம்மாமார் இன்றும் இருக்கிறார்கள். மருந்து கசப்பதால் இல்லை. அடுத்த கிளினிக் வரை இழுக்க வேண்டும் என்பதால்.

அந்தப் பாதையை எளிதாக்க வேண்டியவர்கள் யார்? இங்கேதான் மலையகத்தின் பழைய கதை வருகிறது. சுருக்கமாகச் சொல்கிறோம்.

1912இல் வெள்ளைக்காரன் தோட்டத்து வைத்தியத் தேவைகளுக்கென்று தனிச் சட்டம் போட்டான். கிராமத்து நோயாளியை அரசு பார்க்கும், தோட்டத்து நோயாளியைத் தோட்டம் பார்க்கும் என்ற பிரிவு அப்படித்தான் வேர்விட்டது. 1948இல் பிரஜாவுரிமை போனது. நாட்டு மக்களுக்கு இலவச வைத்தியம் வளர்ந்த அந்தக் காலத்தில் நம் ஆட்கள் நாட்டு மக்கள் கணக்கிலேயே இல்லை. 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது. தோட்ட வைத்தியசாலைகளில் சிலதை அரசு எடுத்தது, மிச்சம் அப்படியே நிற்கிறது. இன்றும் எத்தனையோ தோட்டங்களில் முதலில் போகிற இடம் ஒரு டிஸ்பென்சரி. அங்கே இருப்பவர் தோட்ட வைத்திய உதவியாளர், எம்.பி.பி.எஸ். படித்த வைத்தியர் இல்லை. அவர்களில் இரவு பகல் பாராமல் உழைத்த நல்ல மனிதர்கள் உண்டு, அவர்களைச் சொல்லவில்லை. ஆனால் 1912இல் போட்ட கோட்டை நூறு வருடம் தாண்டியும் அழிக்காமல் வைத்திருப்பது யார் என்று கேட்கிறோம்.

பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவும் இப்படித்தான் இருந்தது. தோட்டத்துக்குள் பிரதேச சபை காசு செலவழிக்க முடியாது என்றார்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. 31 வருடம்! ஆக, மாற்ற முடியாத சட்டம் இல்லை. சத்தம் போட்டால் மாறும்.

சரி, கையில் இருப்பதைப் பார்ப்போம். நமக்குத் தெரிந்தவரையில் ஆறு கதவுகள் உண்டு. ஒவ்வொன்றும் சட்டத்தில் இருக்கிறது. யாருடைய தயவும் இல்லை.

முதல் கதவு, ஈ.டி.எப். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். தொழிலாளியின் சம்பளத்தில் நூற்றுக்கு 3 வீதம் முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டும். நம் சம்பளத்தில் வெட்டுவது ஈ.பி.எப்.பின் 8 வீதம், அதற்கு மேல் முதலாளி 12 வீதம் போட வேண்டும். பலர் இரண்டையும் ஒன்றாக்கி, "வயசு போன பிறகு வருகிற காசு" என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஈ.டி.எப். வேலையில் இருக்கும்போதே உதவும். இருதயச் சத்திர சிகிச்சை, சிறுநீரக மாற்று, கண்ணில் வெள்ளை விழுந்தால் லென்ஸ், வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை, வேலை செய்ய முடியாத நிரந்தர இயலாமை, மரணம் எல்லாவற்றுக்கும் நிபந்தனைகளோடு கொடுப்பனவு உண்டு. காலக்கெடுவும் உண்டு. அதனால் நோய் என்று தெரிந்த அன்றே கேட்க வேண்டும், எல்லாம் முடிந்த பிறகு இல்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கைக்காசு. ஞாயிற்றுக்கிழமை கைக்காசுக் கொழுந்து, கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் காசு. அன்றைக்கு இனிக்கும். ஆனால் அந்த நாள் செக்ரோலில் இல்லை. செக்ரோலில் இல்லாத நாளுக்கு ஈ.பி.எப். இல்லை, ஈ.டி.எப். இல்லை. முழு வருடமும் கைக்காசிலேயே போனால், நோய் வரும்போது அந்தக் கதவு நமக்குச் சுவர். கம்பெனிக்கு ஏன் கைக்காசு பிடிக்கிறது என்று இப்போது விளங்குகிறதா?

கம்பெனியை மட்டும் சொன்னால் நியாயமில்லை. டவுனில் கடை வைத்திருக்கும் நம் ஹாஜிமாரே, முதலாளிமாரே, உங்களிடம்தான் கேட்கிறோம். நாங்களும் கடைக் குடும்பத்துப் பிள்ளைகள்தான். உங்கள் கடையில் பத்து வருடமாக மூட்டை தூக்கும் பையனுக்கு ஈ.டி.எப். கட்டுகிறீர்களா? ஒரேயொரு ஆள் வேலைக்கு இருந்தாலும் கட்ட வேண்டும் என்பது சட்டம். ரமழானில் அவனுக்கு ஸகாத்தும் உடுப்பும் கொடுத்துவிட்டு அவனுடைய 3 வீதத்தை நிறுத்தி வைத்தால், கொடுத்தது எந்தக் கணக்கில் சேரும்? ஸகாத் என்பது பிச்சை இல்லை, இருப்பவன் சொத்தில் இல்லாதவனின் பங்கு என்று மதரஸாவில் நமக்கெல்லாம் சொல்லித் தந்தார்கள். ஈ.டி.எப்.பும் அதே மாதிரிப் பங்குதான்.

இரண்டாவது கதவு, "சுரக்ஷா" மாணவர் காப்புறுதி. 2017இல் ஆரம்பித்தார்கள், இடையில் நின்றது, 2024இல் திரும்ப வந்தது. 5 வயது முதல் 21 வயது வரை பாடசாலைப் பிள்ளைகளுக்கு. தவணைப் பணம் பெற்றோர் கட்டுவதில்லை. வோர்ட்டில் தங்கிச் சிகிச்சை பெற்றால், விபத்து நடந்தால், வருமானம் குறைந்த வீட்டில் தாயோ தகப்பனோ இறந்தால் கொடுப்பனவு உண்டு. விண்ணப்பத்தை அதிபர் உறுதிப்படுத்த வேண்டும். அதாவது சாவி எங்கள் கையில். எங்கள் கையில் இருந்தும் அலுமாரியில் பூட்டி வைத்தோம் என்பதை மேலே சொல்லிவிட்டோம். பெற்றோரே, பிள்ளை ஓர் இரவு வோர்ட்டில் தங்கினாலும் டயக்னோசிஸ் கார்டோடு பாடசாலைக்கு வாருங்கள். "சேர், சுரக்ஷா போர்ம் தாங்க" என்று கேளுங்கள். எங்களுக்குக் கூச்சமாக இருக்கட்டும், உங்களுக்கு வேண்டாம்.

மூன்றாவது கதவு, வேலையில் விபத்து. மலையில் குளவி கொட்டாத மாதம் உண்டா? கொட்டியவரை வைத்தியசாலைக்கு ஏற்றுகிறோம், பத்திரிகையில் நான்கு வரி வருகிறது, இறந்தால் மாலை போடுகிறோம். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. வேலை நேரத்தில், வேலையால் வந்த காயத்துக்கும் மரணத்துக்கும் முதலாளி நட்டஈடு கட்ட வேண்டும். குளவி, வழுக்கல், மெஷின், மரம் விழுதல் எதுவானாலும். "துரை நல்லவர், சாப்பாட்டுக்குக் காசு கொடுத்தார்" என்று வீட்டுக்குப் போகாதீர்கள். அன்றைக்கே சம்பவம் தோட்டத்துப் புத்தகத்தில் எழுதப்பட்டதா என்று பாருங்கள். வைத்தியசாலைக் கடதாசியில் "வேலை செய்யும்போது கொட்டியது" என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஒரு வரி இல்லாமல் பிறகு வாதாட முடியாது.

நான்காவது கதவு, பிரசவம். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் சட்டம். முன்பு மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாள் என்று பாதியாக வெட்டினார்கள். 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாள். "மூணாவது பிள்ளைக்கு அவ்வளவுதான்" என்று இன்னும் யாராவது சொன்னால், 2018க்கு முன் உறங்கியவர் இன்னும் எழும்பவில்லை என்று அர்த்தம். அதோடு 35 வயது தாண்டிய பெண்கள் சுகவனிதையர் கிளினிக்குக்குப் போங்கள். மார்பகம், கர்ப்பப்பை வாசல் புற்றுநோயை ஆரம்பத்திலேயே பிடிக்கிற சோதனை அது, காசு இல்லை. மிட்வைஃப் மிஸ்ஸிடம் திகதி கேட்டால் சொல்லுவார். வெட்கப்பட்டு வீட்டிலிருந்து, கடைசியில் மஹரகமைக்கு ஏற்றிக்கொண்டு போன அம்மாமாரை நாம் பார்த்திருக்கிறோம்.

ஐந்தாவது கதவு, ஜனாதிபதி நிதியம். 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டம். பெரிய சத்திர சிகிச்சைகளுக்கும் நீண்ட நோய்களுக்கும் செலவில் ஒரு பகுதி. முன்பு இதற்குக் கொழும்புக்கு ஓட வேண்டும். அதனால்தான் நடுவில் ஆட்கள் முளைத்தார்கள். "ஐயாவிடம் சொல்லி எடுத்துத் தாரேன்" என்று. 2025 பெப்ரவரியிலிருந்து பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். சத்திர சிகிச்சைக்குத் திகதி கிடைத்தவுடன் போங்கள். எந்த ஐயாவும் தேவையில்லை.

ஆறாவது கதவு, அஸ்வெசும. 2002ஆம் ஆண்டின் நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ் 2023 ஜூலையிலிருந்து. நான்கு வகைக் குடும்பங்களுக்கு 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா என்று தொடங்கியது, பிறகு சில தொகைகள் கூட்டப்பட்டன. இது வைத்தியக் காப்புறுதி இல்லை. ஆனால் சிறுநீரக நோயாளிகளுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், முதியோருக்கும் தனிக் கொடுப்பனவு உண்டு. புற்றுநோய், காசநோய், தலசீமியா போன்ற நோயுள்ள ஏழைகளுக்கு மாகாண சமூக சேவைகள் திணைக்களத்தின் உதவியும் உண்டு. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்தில் சமூக சேவைகள் உத்தியோகத்தரிடமும் கேட்க வேண்டும். "லயத்தில் ஒரு கூரையின் கீழ் மூன்று குடும்பம்" என்ற நம் வாழ்க்கை, ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம் என்று கேள்வி போடுகிற படிவத்துக்குள் சரியாக அடங்காது. யார் யார் தனிக் குடும்பம் என்பதை வருகிறவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பெயர் விடுபட்டால் மேன்முறையீடு செய்யுங்கள்.

இவ்வளவும் இருந்தும் ஏன் உண்டியல்?

ஏனென்றால் இந்தக் கதவுகள் மூடியிருப்பதில் சிலருக்கு இலாபம் இருக்கிறது. தொழிலாளி போர்மைத் தானே நிரப்பத் தெரிந்துகொண்டால், கொடுக்கும்போது படம் எடுத்துப் போடத் தலைவருக்கு என்ன மிஞ்சும்? நம் கணக்கில் உள்ள காசை நமக்கே எடுத்துக் கொடுத்துவிட்டு, "பெற்றுக்கொடுத்தார்" என்று பெனர் கட்டுகிறார்கள். சந்தாக் காசு மாதாமாதம் சம்பளத்தில் வெட்டுகிற சங்கங்களிடம் கேட்கிறோம்: உங்கள் காரியாலயத்தில் ஈ.டி.எப். சத்திர சிகிச்சைப் படிவம் ஒன்று இருக்கிறதா? நிரப்பித் தர ஒரு ஆள் இருக்கிறாரா?

அடுத்தது மொழி. 1999இல் நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலகப் பிரிவுகளை இருமொழி நிர்வாகப் பிரிவுகள் என்று வர்த்தமானியில் போட்டார்கள். தமிழில் விண்ணப்பிக்கவும் தமிழில் பதில் வாங்கவும் உரிமை உண்டு. ஆனால் கவுண்டரில் நடப்பது என்ன? சிங்களத்தில் ஒரு படிவம், "நாளைக்கு வாங்க" என்று ஒரு பதில். அந்த நாளைக்கு ஒரு நாட்சம்பளம். மூன்று தடவை "நாளைக்கு" சொன்னால் நம் ஆட்கள் நான்காவது தடவை போகமாட்டார்கள். எங்கேயாவது ஒரு கணக்கில் அதை "விண்ணப்பதாரர் வரவில்லை" என்று எழுதி முடித்துவிடுவார்கள். அந்தக் கவுண்டருக்குப் பின்னால் மனச்சாட்சியோடு வேலை செய்கிற சிங்களச் சகோதரர்களும் இருக்கிறார்கள். எங்களுக்குப் போர்ம் நிரப்பிக் காட்டியவரும் அவர்களில் ஒருவர்தான். ஆட்களில் குறையில்லை, ஏற்பாட்டில்தான் குறை.

மூன்றாவது, நாம். படித்தவர்கள். ஆசிரியர், எழுதுவினைஞர், வங்கியில் வேலை செய்கிற பிள்ளை, கெம்பஸ் போன பிள்ளை. லயத்திலிருந்து வந்து, வாசிக்கத் தெரிந்த பிறகு, வாசித்ததைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்காதவர்கள். நமக்கு உண்டியல் சுலபம். ஆயிரம் ரூபா போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். ஒரு மனிதனோடு மூன்று தடவை ஒபிஸுக்குப் போவது கஷ்டம்.

சிலர் சொல்வார்கள், "கிடைக்கிறது சொற்பம் சேர், அதற்கு இவ்வளவு அலைய வேண்டுமா?" சொற்பம்தான். சில கொடுப்பனவு பஸ் காசுக்கும் காணாது. ஆனால் உண்டியலில் வருவது யாருக்கு எவ்வளவு என்று யோசியுங்கள். அழகாகப் படம் எடுத்தவனுக்கு வரும். பெயர் உள்ள குடும்பத்துக்கு வரும். மேல் டிவிஷனில் தனியாக இருக்கிற கிழவிக்கு வராது. சட்டம் முகம் பார்க்காது, அதனால்தான் அது பெரிசு. இன்னொன்று, கேட்காத கொடுப்பனவு கூடாது. "அங்கிருந்து விண்ணப்பமே வருவதில்லை" என்று அதிகாரி சொல்கிற வரை அடுத்த பட்ஜட்டில் ஏன் கூட்டப் போகிறார்கள்?

இன்னும் சிலர், "உரிமை உரிமை என்று சொல்லி மக்களைக் கெடுக்காதீர்கள், நாடு கடனில் இருக்கிறது" என்பார்கள். நாட்டுக்கு டொலர் கொண்டுவந்த முதுகுகளில் நம் முதுகும் ஒன்று. 2023இல் மலையகம் 200 என்று மேடை போட்டு எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டு போதும். செக்ரோலில் நாளைச் சரியாகப் போடுங்கள்.

ஆகவே கேட்கிறோம்.

அரசாங்கத்திடம்: மிச்சமுள்ள தோட்ட வைத்தியசாலைகளையும் டிஸ்பென்சரிகளையும் சுகாதார அமைச்சின் கீழ் எடுங்கள். வைத்தியரையும் மருந்தையும் கிராமத்துக்குத் தருகிற மாதிரியே தாருங்கள். டிக்கோயாவில் இந்திய உதவியோடு 150 கட்டில் வைத்தியசாலை கட்டி, 2017 மே 12இல் பிரதமர் மோடி வந்து திறந்தார். நல்லது. ஆனால் மேல் டிவிஷனிலிருந்து அந்த வாசலுக்கு ஒரு ரோட்டும், உள்ளே போதுமான விசேட வைத்தியரும் இல்லாவிட்டால் கட்டடம் படத்துக்கு மட்டும்தான்.

கம்பெனிகளிடம்: கைக்காசு நாளையும் செக்ரோலில் போடுங்கள். ஈ.டி.எப். கட்டியதற்கான கணக்கை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மஸ்டர் களத்தில் தமிழில் ஒட்டுங்கள். அரசின் கையில் உள்ள தோட்டங்களுக்கும் இதையே சொல்கிறோம். மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையின் ஈ.பி.எப்., ஈ.டி.எப். நிலுவை பாராளுமன்றம் வரை பேசப்பட்ட கதை.

பள்ளிவாசல், கோவில், தேவாலய நிர்வாகங்களிடம்: வைத்திய உதவி கேட்டு வருகிறவரிடம் முதலில் கேளுங்கள், "ஈ.டி.எப். போட்டீங்களா? ஜனாதிபதி நிதியத்துக்குக் கொடுத்தீங்களா? பிள்ளைக்கு சுரக்ஷா கேட்டீங்களா?" கேட்டு விரட்டுவதற்கு இல்லை. கூடப் போவதற்கு. அந்தக் காசு வரும் வரைக்கும் பஸ் காசுக்கும் மருந்துக்கும் உண்டியல் இருக்கட்டும். உண்டியலின் சரியான வேலை அதுதான்.

ஆசிரிய நண்பர்களிடம்: ஒவ்வொரு பாடசாலையிலும் மாதத்தில் ஒரு பின்னேரம், ஒரு மேசை, இரண்டு கதிரை, படிவங்கள். வேறு எதுவும் வேண்டாம். எங்கள் பாடசாலையில் அடுத்த மாத முதல் சனிக்கிழமை தொடங்குகிறோம், இன்ஷா அல்லாஹ்.

குடும்பங்களிடம்: ஒரு பிளாஸ்டிக் பைல் வாங்குங்கள். அதில் எல்லோருடைய அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், சம்பளத் துண்டு, ஈ.பி.எப். இலக்கம், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், கிளினிக் கொப்பி, பழைய டயக்னோசிஸ் கார்ட். மழை ஒழுகாத இடத்தில் வையுங்கள். அந்தப் பைல் உள்ள வீட்டுக்கு ஒரு கதவைத் தட்ட ஒரு நாள் போதும். இல்லாத வீட்டுக்கு ஒரு மாதம் போகும்.

அந்த மூழ்கிய நகையை நாங்கள் மீட்க முடியாது. அந்தப் பையனின் ஆறு இரவையும் மீட்க முடியாது. அவன் இப்போது நன்றாக எழுதுகிறான், அல்ஹம்துலில்லாஹ். போன வாரம் அவனிடமே ஒரு சுரக்ஷா படிவத்தைக் கொடுத்து, பக்கத்து லயத்தில் காய்ச்சலில் வோர்ட்டுக்குப் போன தங்கச்சியின் அம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொன்னோம். வாசித்துவிட்டு வந்து கேட்டான்: "சேர், இது எனக்கும் இருந்திச்சா?"

இருந்தது தம்பி என்று சொன்னோம். அதற்கு மேல் எங்களிடம் பதில் இல்லை.

லைக் வேண்டாம். இந்தப் பதிவை வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு இன்றைக்கு வாசித்துக் காட்டுங்கள். பிழை இருந்தால் கொமன்ட்டில் திருத்துங்கள். அரச அலுவலகத்தில், சங்கத்தில், வைத்தியசாலையில் வேலை செய்கிறவர்கள் விளக்கம் தந்தால் நன்றியோடு சேர்த்துக்கொள்வோம்.